நம்ம தளபதி, எங்க ஆளுங்க

போன மாதம் திவ்யா தொலைபேசியில் கூப்பிட்டாள். சென்னைப் பிள்ளை. மொன்றியலுக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் அகதி விசாரணைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருக்கிறாள். நான் அதே வேலையில் கிடந்து ஓய்வு பெற்று, இதே ஊரில் பியர்பொன்ட்ஸில் மகன் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். யாரோ அவளுக்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

“அக்கா, ட்ரெயினிங்ல ஒரு உதாரணம் சொன்னாங்க. ‘நம்ம’, ‘எங்க’. பர்மாத் தளபதி கேஸ். அது நீங்கதானாமே? செமயா ஹேண்டில் பண்ணியிருக்கீங்க.”

“ஓம், நான்தான்.”

“எங்களுக்கு அது தானா வந்துடும்க்கா. உங்க யாழ்ப்பாணத் தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானாமே. அதனாலதான் உங்களைப் பெருசா சொன்னாங்க.”

பிறகு நெடுநேரம் கதைத்தாள். இப்போது விசாரணைகள் பெரும்பாலும் திரையில்தானாம். வீட்டு மேசையில் இருந்துகொண்டே மொழிபெயர்க்கிறாளாம். அழுகிற ஆளின் முகம் தீப்பெட்டி அளவில் தெரிகிறதாம். எல்லாம் சொன்னாள், எல்லாம் கேட்டாள். அந்த வழக்குக்காரருக்கு அதன் பிறகு என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை. அவளில் பிழை இல்லை. பயிற்சியில் அந்தப் பகுதி கிடையாது. எனக்குத்தான் தொலைபேசியை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை.

அறையில் கேட்டதை வெளியே கதைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்த ஆள் நான். ஆகவே சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது பெரிய கதை இல்லை. எண்பதுகளில் வந்து இறங்கினேன், தையல் ஆலையில் கொலர் தைத்தேன், பின்னேர வகுப்பில் பிரெஞ்சு படித்தேன், கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தேன், பரீட்சை எழுதினேன், பாஸ் பண்ணினேன். ஆனால் என்னை மொழிபெயர்ப்பாளராக்கியது பரீட்சை அல்ல, மதாம் லூசி.

மதாம் லூசி எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்த நேரமும் ஒரு பெப்பர்மின்ட்டைக் கன்னத்தில் ஒதுக்கி உருட்டிக்கொண்டே இருப்பார். நாங்கள் பிழை விட்டால் அந்த உருட்டல் நின்றுவிடும். அவ்வளவுதான். அது போதும்.

ஒரு நாள் பயிற்சிக்கென்று, சிறையில் காவலர்கள் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்ன கெட்ட வார்த்தைகளைப் பிரெஞ்சில் வரிசையாகச் சொல்லித் தமிழில் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் என் குரல் தாழ்ந்தது காதில் விழுந்துவிட்டது. பெப்பர்மின்ட் நின்றது.

“மதாம், அந்த வார்த்தை உங்களுடையது இல்லை. நீங்கள் ஏன் வெட்கப்படுகிறீர்கள்? நீங்கள் அந்த அறையிலேயே இல்லை.”

அறையில் இல்லை என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். வழக்காளி ‘என்னை அடித்தார்கள்’ என்றால் நானும் ‘என்னை அடித்தார்கள்’ என்றே சொல்ல வேண்டும். என் வேலைக்காலம் முழுவதும் அந்த அறைகளில் நான் சொன்ன ‘நான்’ ஒன்றும் என்னுடையது இல்லை. எனக்கென்று ஏதும் சொல்ல வேண்டி வந்தால், யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வது போல ‘மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புகிறார்’ என்று தொடங்க வேண்டும். அப்போது என் கணவர் இருந்தார். “வீட்டை வந்து, மொழிபெயர்ப்பாளருக்குப் பசிக்குது எண்டு சொல்லிப்போடாதையும்,” என்று பகிடி பண்ணுவார்.

இன்னொரு பாடம், பிழையைத் திருத்துவது. பிழை விட்டது தெரிந்த உடனே கையை உயர்த்த வேண்டும். ‘மொழிபெயர்ப்பாளர் தன்னைத் திருத்துகிறார்’ என்று சொல்லிச் சரியானதைச் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கக்கூடாது. மன்னிப்புக் கேட்டால் அறையில் ஒரு ஆள் கூடிவிடும் என்பார் மதாம் லூசி.

அந்த வழக்குக்காரர் முத்தையா வந்தது நவம்பர் மழையில். பனியாகவும் ஆகாமல் மழையாகவும் இல்லாமல் கொட்டுகிற மழை. நான் போனபோது அவர் தலை நனைந்து, கோட்டின் தோள் நனைந்து, கதிரையின் நுனியில் இருந்தார். ஐம்பதை நெருங்குகிற மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

விசாரணை தொடங்குமுன் வழக்காளியும் மொழிபெயர்ப்பாளரும் கொஞ்சம் கதைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்குகிறதா என்று பார்ப்பதற்கு. வழக்கைப் பற்றிக் கதைக்கக்கூடாது. சாப்பாடு, பஸ், மழை, இப்படி ஏதாவது.

“குடை கொண்டு வரேல்லையோ?” என்று கேட்டேன்.

“எங்க வீட்ல குடை பிடிக்கிறதில்லைங்கம்மா,” என்றார். பிறகு அவராகவே சொன்னார். “மக போன்ல கேக்குதும்மா, நம்ம வீட்ல பனி கொட்டுதாப்பான்னு. நான் குடியிருக்கிறது ஒரு ரூம்பு. அது இன்னும் வரவே இல்லை, அதுக்குள்ள நம்ம வீடாம்.”

அதைச் சொன்னபோது மட்டும் சிரித்தார். அவர் பேச்சு எனக்கு விளங்கியது, என் பேச்சு அவருக்கு விளங்கியது. வழக்கைத் தீர்க்கும் அதிகாரி கேட்டபோது இருவரும் ஓம் என்றோம்.

முத்தையா பர்மாத் தமிழர். ஐராவதி ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரத்தில் தேநீர்க்கடை வைத்திருந்தவர். ஒரு கலவரத்தில் கடையைக் கொளுத்தினார்கள். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், குடியுரிமை அட்டை இல்லாத ஆள் என்று இவரைத்தான் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்ததும் எல்லை கடந்தார். மனைவி ஏற்கெனவே இறந்துவிட்டார். மகளைத் தாய்லாந்து எல்லையில் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தார். இந்த வழக்கு வென்றால் மகளைக் கூப்பிடலாம். தோற்றால் கூப்பிட முடியாது. அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு ஏன் குடியுரிமை இல்லை? அதற்கு அந்த நாட்டுச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. வெள்ளைக்காரன் பர்மா மீது முதன்முதல் படையெடுத்தானே, அந்தச் சண்டைக்கு முந்தியே அந்த மண்ணில் இருந்த இனங்கள்தான் முழுக் குடிமக்கள். சண்டையோடு வந்தவர்களும் சண்டைக்குப் பின் வந்தவர்களும் விருந்தாளிகள். இருநூறு வருடமாகத் தங்கிவிட்ட விருந்தாளிகள். முத்தையாவின் முன்னோர் சண்டையோடு வந்தவர். அதுவும் எந்தப் பக்கத்தில் வந்தவர் என்பதுதான் கதை.

அவருடைய வழக்கறிஞர் ஒரு இளம் பெண், கெட்டிக்காரி. சட்டம் இவரை ஏன் வெளியே தள்ளியது என்று அதிகாரிக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, குடும்பம் அங்கே வந்த கதையைச் சொல்லச் சொன்னார்.

அதிகாரி மோசமான மனிதர் இல்லை. இதை நான் முதலே சொல்லிவிட வேண்டும். பொறுமையாகக் கேட்பார். அழுகிறவர்களுக்கு ரிஷூப் பெட்டியைத் தானே நகர்த்தி வைப்பார். அன்றும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “நேரம் எடுத்துச் சொல்லுங்கள்,” என்றார்.

“எங்க பாட்டனுக்குப் பாட்டன், அவருக்கும் மேலே ஒருத்தரு, மெட்ராஸ்ல கப்பல் ஏறினாருங்க,” என்று முத்தையா தொடங்கினார். “கம்பெனிப் பட்டாளம். துப்பாக்கி பிடிக்கிற ஆளில்லைங்க. பீரங்கிக்குக் குண்டு தூக்குற ஆளு.”

“யாருக்கு எதிராக?” என்று அதிகாரி கேட்டார்.

பர்மா ராஜாவின் தளபதிக்கு எதிராக என்றார் முத்தையா, பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லையாம், குடைக்காரர் என்றுதான் சொல்வார்களாம். பதிவுக்குப் பெயர் வேண்டும் என்று அதிகாரி கேட்டபோது, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரே ஒருமுறை மெதுவாகச் சொன்னார். நானும் ஒருமுறை சொன்னேன். இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

“மேற்கே மலைப் பக்கம் கம்பெனிப் பட்டாளத்தை அடிச்சுத் துரத்தினவருங்க அவரு. வெள்ளைக்காரன் தெற்கே கடல் வழியா வந்து ரங்கூனைப் பிடிச்சுட்டான். ராஜா கூப்பிட்டு விட்டாரு. மழைக்காலத்துல மலையைத் தாண்டி, அம்புட்டுப் பட்டாளத்தையும் நடத்திக் கூட்டியாந்தாரு. ரங்கூனை மீட்கப் பார்த்தாரு, முடியலை. பின்னாலே வந்து டனுப்யூவுல ஆத்தங்கரையில மரக்கோட்டை கட்டி உக்காந்தாரு.”

அவர் ஒவ்வொரு வசனமாக நிறுத்தினார். நான் ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னேன். இப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்கிற வழக்காளி கிடைப்பது அருமை.

“தங்கக் குடை பிடிச்சுக்கிட்டுக் கோட்டையைச் சுத்தி நடப்பாருங்க. வெளியே பீரங்கி நிக்குது, குடையை மடக்குங்கன்னு சொன்னாங்களாம். மடக்க மாட்டேன்னாரு. குடை தெரியலேன்னா என் ஆளுங்களுக்குத் தைரியம் போயிடும்னாரு. மறுபடி நடந்தாரு. வெளியே எங்க ஆளு குண்டு தூக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. அவரு தூக்கின குண்டா, வேற ஒருத்தரு தூக்கினதா, தெரியாதுங்க. குடை சாஞ்சுது. அன்னைக்கு ராத்திரியே கோட்டை காலி. அவரு இல்லாம ஒருத்தரும் நிக்கலை.”

அதற்காகத்தான் அந்தக் குடும்பம் குடை பிடிப்பதில்லை. அந்த முன்னோர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிக் கல்யாணம் செய்து, மழைக்கும் வெயிலுக்கும் குடை தொடாமல் செத்தாராம். அவர் பிள்ளைகளும் அப்படியே. இவர் சிறுவனாய் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் அந்தச் சண்டைப் பாடம் வந்தால் வகுப்பு முழுவதும் திரும்பி இவரைப் பார்க்குமாம். அந்தத் தளபதியை நினைத்து மற்றப் பிள்ளைகளை விட இவர்தான் கூட அழுதிருப்பார் என்று எனக்குப் பட்டது. ஆனால் எனக்குப் படுவதைச் சொல்வதற்கு நான் அறையில் இல்லை.

கடைசியில் முத்தையா சொன்னார். “நம்ம தளபதியை எங்க ஆளுங்கதான் கொன்னாங்க.”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி பேனையை எடுத்தார்.

“கொஞ்சம் பொறுங்கள். இறந்தவரும் இவர்களுடையவர், கொன்றவர்களும் இவர்களுடையவர்களா? இவர் எந்தப் பக்கம்?”

முத்தையாவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் விளங்கும். என் பக்கம் திரும்பினார். “அம்மா, ரெண்டையும் ஒண்ணாச் சொல்லிட்டீங்க போல. அது வேற, இது வேறயில்லீங்களா? திருத்திச் சொல்லிடுங்கம்மா.”

இந்தியத் தமிழில் ‘நம்ம’ என்றால் கேட்கிறவரையும் சேர்த்து. ‘எங்க’ என்றால் கேட்கிறவரை விட்டுவிட்டு. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் பேசும்போது இரண்டுக்கும் ‘எங்கடை’ ஒன்றுதான். என் வீடும் எங்கடை வீடு, தரிப்பிடத்தில் நிற்கிற எல்லோருக்கும் வருகிற பஸ்ஸும் எங்கடை பஸ். ‘நாம்’ என்பது மேடையில் பேசுகிறவர்களுக்கு. ஆங்கிலமும் எங்களைப் போலத்தான், ஒரே சொல். ஆகவே அவர் சொன்ன இரண்டு சொல்லும் என் வாயில் ஒரே சொல்லாக வெளியே போய்விட்டன.

நான் கையை உயர்த்தினேன். மொழிபெயர்ப்பாளர் தன்னைத் திருத்துகிறார் என்றேன். முதலாவது சொல் பேசுகிறவரோடு கேட்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளும், இரண்டாவது கேட்கிறவர்களை வெளியே விடும் என்று விளக்கினேன். மதாம் லூசி சொன்னபடி மன்னிப்புக் கேட்கவில்லை.

அதிகாரிக்கு அது பிடித்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. “அப்படியானால் அந்தத் தளபதி எனக்கும் தளபதியா?”

“ஓம் ஐயா.”

“உங்களுக்குமா?”

“மொழிபெயர்ப்பாளருக்கும்,” என்றேன்.

இதை அவர் முத்தையாவிடமே கேட்டு உறுதிப்படுத்தினார். முத்தையா எழுந்து நின்று சொன்னார். இருந்தே சொல்லலாம் என்று அதிகாரி கையைக் காட்டியும் இருக்கவில்லை.

“ஆமாங்க. அந்த மாதிரி மனுஷன் நம்ம எல்லாருக்கும் தளபதிதானுங்களே. கொன்ன பாவம் மட்டும் எங்களுது. அதை உங்க மேலே எப்படிங்க போடுறது?”

நான் அதை ஒரு சொல்லும் விடாமல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்.  வழக்கறிஞர் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. நான் அன்று வீட்டுக்குப் போனது மிகுந்த சந்தோஷத்தோடு. வழக்கு வென்றது என்றே நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் அந்தச் சண்டையைப் பற்றித் தேடிக்கூடப் படித்தேன். தளபதி இருந்தார், குடை இருந்தது, மறுநாள் ஆளில்லாமல் கிடந்த கோட்டை இருந்தது. குண்டு தூக்கிய மெட்ராஸ்காரர்களுக்குப் பெயர் இல்லை.

தீர்ப்பு வந்து சில காலத்துக்குப் பின் மதாம் லூசி என்னைக் கூப்பிட்டார். வழக்காளியின் பெயரை மறைத்த பிரதி ஒன்றை மேசையில் வைத்து ஒரு பந்தியைச் சுட்டிக் காட்டினார். மொழிபெயர்ப்பாளரின் நுட்பமான விளக்கம் தனக்குப் பெரிதும் உதவியது என்று அதிகாரி எழுதியிருந்தார்.

“ப்ராவோ, மதாம். இதை நான் புதியவர்களுக்குக் காட்டப் போகிறேன்.” பெப்பர்மின்ட் சந்தோஷமாக உருண்டது.

நான் அடுத்த பந்தியையும் படித்தேன். மெட்ராஸ் படையாட்களைக் குறிக்க, மற்றவர்களை வெளியே விடும் சொல்லை வழக்காளி தெரிந்தே பயன்படுத்தினார். தமது சொந்த மக்கள் யார் என்பதை இதன் மூலம் அவரே காட்டியிருக்கிறார். அந்த மக்களின் நாடு இந்தியா. அங்கே பாதுகாப்புக் கேட்க அவர் முயலவே இல்லை. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

 பாவத்தைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்ள ஒரு மனிதன் எடுத்த சொல்லை, அவனுடைய ஊரைக் காட்டும் சொல்லாக எடுத்துவிட்டார்கள். நான் திருத்தியிராவிட்டால் அது வெறும் குழப்பமாகக் கிடந்திருக்கும். குழப்பத்தை வைத்துக்கொண்டு ஒருவரை இந்தியாவுக்குப் போகச் சொல்ல முடியாது.

“பாவம் எங்களுது என்று அவர் சொன்னாரே, மதாம். நான் அதையும் சொன்னேனே,” என்றேன்.

“சொன்னீர்கள். பதிவில் இருக்கிறது. அதிகாரி அதை எப்படி எடுத்தார் என்பது உங்கள் வேலை இல்லை.”

“என்ரை வேலைதான் இதைச் செய்தது.” ஆத்திரத்தில் அதைத் தமிழில் சொல்லிவிட்டேன்.

பெப்பர்மின்ட் நின்றது. அவர் கேட்டது குரலை மட்டும்தான்.  பிறகு, “நீங்கள் அங்கே இருக்கவில்லை, மதாம்,” என்று மிக மெதுவாகச் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார் என்று தெரியும். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. அதன் பிறகும் பல வருடம் அதே வேலையைச் செய்தேன், நன்றாகவே செய்தேன். ஆனால் அந்த வசனத்தை வைத்து என்னை யாரும் பாராட்டினால் எழுந்து போய்விடுவேன்.

முத்தையாவின் மேன்முறையீடும் தோற்றது. ஆனால் அவரை அனுப்பவும் முடியவில்லை. இந்தியா, பர்மா என்று கேட்ட இடமெல்லாம், இவர் எங்கள் ஆள் இல்லை என்றே பதில் வந்தது. வெளியே போகச் சொன்ன இந்த நாட்டிலேயே, வருடா வருடம் வேலை அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு, மகளைக் கூப்பிட வழியில்லாமல் இருக்கிறார். பக்கத்துப் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறார். நான் ஓய்வு பெற்ற பிறகு, அங்கே கடைத்தொகுதியின் பஸ் தரிப்பிடத்தில் தற்செயலாகச் சந்தித்தேன். அன்றுதான் முதல்முறை வழக்கில்லாமல் கதைத்தோம். அதன் பின்னும் இடைக்கிடை காண்பதுண்டு.

திவ்யா கூப்பிட்ட கிழமையே அவருடைய வேலை முடிகிற நேரம் பார்த்து அந்தத் தரிப்பிடத்துக்குப் போனேன். மழை. நான் குடையோடு நின்றேன். அவர் வந்து குடைக்கு வெளியே, ஒரு கை தள்ளி நின்றார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. எழுதலாமோ என்று கேட்டேன்.

“எழுதுங்கம்மா. குடைக்காரரைப் பத்தி நல்லபடியா எழுதுங்க.”

“முத்தையா அண்ணை, அண்டைக்கு நான் திருத்தாமல் விட்டிருந்தால்...”

“திருத்தச் சொன்னது நான்தானேம்மா. உங்க மேலேயும் அந்த ஆபீசரு மேலேயும் பாவத்தைப் போட்டுட்டு, நான் மட்டும் இங்க எப்படிம்மா குந்தியிருக்கிறது?” என்று முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார்.

கதையை மாற்றுவதற்காக, மகள் எப்படி என்று கேட்டேன். நம்ம வீட்டில் பனி கொட்டுதா என்று கேட்ட அந்தப் பிள்ளை.

“கல்யாணம் முடிஞ்சு பேரனும் பொறந்துட்டான்மா. எல்லாம் போன்லதான் பார்த்தேன். நேத்துக்கூடப் பேசுச்சு.”

“என்ன சொன்னவா?”

 அவர் பஸ் வரும் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

“எங்க வீட்ல எல்லாரும் சௌக்கியம்ப்பா, நீங்க உடம்பைப் பார்த்துக்கங்கன்னு சொல்லுச்சு.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களாம்மா?”

“கேட்டனான்,” என்றேன்.

அவருடைய பஸ் வந்தது. நனைந்தபடியே ஏறினார்.